பதினொரு துண்டு

ஜெலுத்தோங்கில், டயர்க் கடைக்குப் பக்கத்தில்,
ஏழே மேசை உள்ள பீட்சா கடை.
இடம் சொன்னது புஷ்பலீலா அக்கா.
"கோயில்ல சந்திச்சா ஊரே பார்க்கும்.
அங்க போங்க, ஏர்கோன் இருக்கு."

ஆர்டர் நான்தான் சொன்னேன்:
பெரியது ஒன்று, சம்பல், இக்கான் பிலிஸ்,
வெங்காயம், அன்னாசி.
அவர் மெனுவை மூடினார்,
தெரியாத கேள்வித்தாளை மூடுவதுபோல்.

வந்தது.
சீஸ் இன்னும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.
அன்னாசியின் ஓரங்கள் கருகியிருந்தன.
அதன் சாறு சம்பலுக்குள் இறங்கி
சிவப்பை ஆரஞ்சாக்கியிருந்தது.

சுகுமாறன், வயது முப்பத்து நான்கு,
பட்டர்வொர்த் துறைமுகத்தில் சுங்க அதிகாரி,
முள்கரண்டியை எடுத்தார்.
ஒவ்வொரு துண்டாய் நிறுத்தி,
விசாரித்து,
தட்டின் ஓரத்துக்கு அனுப்பினார்.
பதினொன்று.
வேறென்ன செய்ய, முதல் சந்திப்பில்? எண்ணினேன்.

என் வாய் சும்மா இருக்காது.
"ஆயர் ஈத்தாம் லக்சாவுல
மீனு மேலேயே அன்னாசி கிடக்குது.
யாராச்சும் போலீசுக்குப் போனாங்களா?
ரோஜாக்ல இறால் விழுதோட பிசைஞ்சு தர்றான்.
ஸ்கூல் வாசல்ல
உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்னோம்.
அப்பல்லாம் ஒண்ணும் சொல்லல.
ரொட்டி வட்டமா இருந்தா மட்டும் குத்தமா?
இத்தாலிக்காரன் மனசு நோகும்னு
பினாங்குல உட்கார்ந்து நீங்க கவலைப்படறீங்களா?"

ஒரு நெத்திலியை எடுத்து
என் அன்னாசிமேல் படுக்க வைத்துக் காட்டினேன்.
"உப்பு கடிச்சாதான்
இனிப்பு தன் பேரைச் சொல்லும்."
(எங்கிருந்து வந்ததோ அந்த வசனம்.
எனக்கே கொஞ்சம் பெருமை.)

சிரித்தார். நல்ல சிரிப்பு.
அதையும் குறித்துக்கொண்டேன்.
பிறகு சொன்னார்:
"எங்கம்மா பொந்தியான்ல
டின் ஃபேக்டரில அன்னாசி சீவினாங்க.
பத்தொன்பது வருஷம்."

கையுறை கொடுத்தார்களாம்.
சாறு உள்ளே புகுந்து தேங்குமாம்,
அதற்கு வெறுங்கையே மேல் என்று
எல்லாரும் கழற்றிவிட்டார்களாம்.
விரல் நுனித் தோல்
வெங்காயச் சருகாய் உரியுமாம்.
ரசம் பட்டால் எரியும் என்று
வீட்டில் அம்மா மட்டும் கரண்டியில் சாப்பிடுவாராம்.

புது ஐசி எடுக்கப் போன அன்று
கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தார்.
இல்லை என்றது கருவி.
துடைத்து வையுங்கள் என்றார்கள்.
இல்லை.
அடுத்த விரல். இல்லை.
பத்தும் இல்லை.

"எனக்குப் பன்னெண்டு வயசு. பக்கத்தில நின்னேன்.
அம்மா சிரிச்சாங்க,
'நான் திருடுனா
ஒருத்தனும் புடிக்க முடியாதுடா'ன்னு."

பதினொரு துண்டும் தட்டோரத்தில் ஆறிக்கொண்டிருந்தன.
என் பக்கம் இழுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
இப்போது எது மரியாதை,
தின்பதா, விடுவதா?
பணிப்பெண் ஹஃபிசா வந்து
"புங்குஸ்?" என்றாள்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

பெர்ரித் துறையில் காற்று.
என் மடியில் பெட்டி,
அடி அட்டையில் எண்ணெய் ஊறி ஒரு ஜன்னல்.
கேட்காமல் மூடியைத் திறந்தார்.
ஒரு துண்டு, குளிர்ந்தது,
நெத்திலி ஒட்டிக்கொண்டிருந்தது.
மென்றார்.
முதல் பெர்ரி போய்விட்டது. இன்னும் மென்றார்.

"நாக்கு அரிக்கலியே," என்றார்,
யாரோ ஏமாற்றிவிட்டதுபோல்.
"வெந்ததுங்க. சூடு பட்டா அந்தக் குணம் போயிடும்."
"ம்," என்றார்.
டிஷ்யூ கேட்டு வாங்கி
தொட்டது இரண்டு விரல்தான் என்றாலும்
பத்தையும் துடைத்தார்.

அடுத்த பெர்ரியில் ஏறிப் போனார்.
பெட்டியில் பத்து மிச்சம்.

புஷ்பலீலா அக்காவின் செய்தி மூன்றாம் முறை ஒலித்தது:
"என்ன ஆச்சு? புடிச்சிருக்கா?"
திறக்கக் கட்டைவிரலை வைத்தேன்.
எண்ணெய். ஃபோனுக்கு என்னைத் தெரியவில்லை.
சட்டையில் துடைத்து
மறுபடி வைத்தேன்.
தெரியவில்லை.

பரவாயில்லை.
இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு
கப்பல்களைப் பார்த்தேன்.